கொண்டை ஊசி வளைவில் கேட்ட ஓசை

சென்ற ஆண்டு தை மாதம் கோயம்புத்தூரில் ஒரு திருமணத்தை முடித்துக்கொண்டு காரில் மைசூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பண்ணாரியைக் கடந்து திம்பம் மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும், பின்னிருக்கையில் இருந்த பேத்தி, "தாத்தா, வண்டிக்கு அடியில் யாரோ தட்டுகிறார்கள்" என்றாள். என் 66 வயதுச் செவிக்கு ஒன்றும் எட்டவில்லை. கண்ணாடியை இறக்கிய பிறகே, பாறைச் சுவரில் பட்டுத் திரும்பிய அந்த "டக், டக்" எனக்கும் கேட்டது. வலப்புறம் ஒடித்துத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் அது எழுந்தது. பாதை நேரானதும் அடங்கியது. அந்தப் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றிலும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். யானைகள் கடக்கும் இடத்தில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சத்துடனேயே மேலே வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காட்டிய பணிமனையில், கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றும் ரூ.40,000 வரை ஆகலாம் என்றும் கூறினர். வண்டியை அவர்கள் ஓட்டிப் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அங்கிருந்து மண்டி மொஹல்லாவுக்குச் சென்றேன். மண்டி என்னும் பெயருக்கேற்ப மூட்டைகளும் சுமை வண்டிகளும் நெருக்கும் அப்பகுதியில், ஒரு சந்தின் முனையில், நெடுங்காலமாக நான் அறிந்த பாய் ஒருவரின் சிறு பட்டறை இருக்கிறது. 1961 முதல் 1996 வரை மைசூரில் இயங்கிய ஐடியல் ஜாவா ஆலையின் மோட்டார் சைக்கிள்களில் தொழில் பழகியவர் அவர். ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லும் தலைமுறை.

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. "சார், இது எஞ்சின் சத்தமா, சக்கரத்துச் சத்தமா? அதை முதலில் பார்ப்போம்" என்றார். கைப்பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, நின்ற இடத்திலேயே எஞ்சினை உறுமவைத்தார். ஓசை இல்லை. ஆகவே எஞ்சின், அதன் பெல்ட், சைலன்சர் ஆகியவற்றின் மேலிருந்த ஐயம் பெருமளவு நீங்கியது. வண்டி நகரும்போது மட்டும் எழுவது, சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் பகுதியிலிருந்தோ சக்கரத்திலிருந்தோதான் வர வேண்டும். இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை; வாசகர்கள் தாமே செய்து பார்க்கலாம்.

பின்னர் ஒரு காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் வலப்புறம் திருப்பி, மெதுவாக வேகம் கூட்டி வட்டமிட்டார். "டக், டக்" உடனே கேட்டது. இடப்புறம் சுற்றியபோது அமைதி. வலப்புறம் திரும்புகையில் கேட்டால் பெரும்பாலும் இடப்பக்கத்து ஆக்ஸிலின் வெளிமுனை இணைப்பே தேய்ந்திருக்கும். குனிந்து பார்த்தோம். இடச் சக்கரத்தின் உட்புறம் முழுவதும் கறுத்த கிரீஸ் சிதறிக் கிடந்தது. ரப்பர் உறை கிழிந்திருந்தது.

பட்டறைகளில் சி.வி. ஜாயிண்ட் என்று வழங்கும் இவ்விணைப்பு, திரும்பிக்கொண்டிருக்கும் முன்சக்கரத்துக்கும் சீரான வேகத்தில் விசையை அளிக்கிறது. ஒரு கூண்டுக்குள் எஃகு உருண்டைகள் பள்ளங்களில் ஓடும். ஆல்ஃபிரெட் ரெசெப்பா என்பவர் 1920களில் வகுத்த அமைப்பு இது. பின்சக்கர இயக்கம் கொண்ட பழைய அம்பாசடருக்கு இது தேவைப்படவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பின்னரே நம் நாட்டில் முன்சக்கர இயக்கம் பரவலாயிற்று. இந்த ஓசையும் அதனுடன் வந்ததே. உறை கிழிந்ததும் கிரீஸ் வெளியேறுகிறது, மண்ணும் நீரும் உட்புகுகின்றன, உருண்டைகள் பள்ளத்தை அரிக்கின்றன. கிழிசலைத் தொடக்கத்திலேயே கண்டிருந்தால் உறையையும் கிரீஸையும் மாற்றினாலே போதும். ஓசை எழுந்துவிட்டால் இணைப்பையே மாற்ற வேண்டும். எனக்கு மொத்தச் செலவு ரூ.5,000-க்குள் முடிந்தது. எனது சோம்பலுக்கான அபராதம் என்றே அதனைக் கொண்டேன். முந்தைய சர்வீஸின்போது அடியில் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

வேலை நடக்கையில் பிற ஓசைகளைப் பற்றியும் பாய் கூறினார். வேகம் கூடும்போது கீச்சிடுவது பெரும்பாலும் தளர்ந்த பெல்ட். வேகத்துக்கேற்ப உயரும் "ம்ம்ம்" என்னும் முனகல், வண்டி ஒருபுறம் சாயும்போது மாறினால், அது சக்கர பேரிங். கிளட்சை விட்டுக் கிளம்பும்போது "தட்" என்று ஒரே ஓர் அடி விழுந்தால் எஞ்சின் மவுண்டிங் ரப்பரைப் பார்க்க வேண்டும். எஞ்சினருகே "புஸ், புஸ்" என்று புகை கசிந்தால் காலம் கடத்தக் கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகக்கூடும். எல்லாவற்றிலும் கொடியது, எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து சுத்தியலால் அடிப்பது போல் எழுந்து, மிதிக்க மிதிக்க வலுப்பது. ஆயில் விளக்கும் எரிந்தால், அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்து இழுவை வண்டியை அழைக்க வேண்டும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டி வருவார்கள் சார். அந்த இரண்டு கிலோமீட்டரில் எஞ்சின் போய்விடும்" என்றார்.

இவ்விடத்தில் காப்பீடு கைகொடுக்கும் என்று நம்புவோர் உண்டு. வழக்கமான மோட்டார் பாலிசி தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் இழப்பீடு வழங்குவதில்லை. கல்லில் அடிபட்டு ஆயில் ஒழுகிய பின்னும் ஓட்டிச் சென்று எஞ்சின் கெட்டால், அது தொடர்விளைவு எனப்பட்டு மறுக்கப்படலாம். எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பு சில சேதங்களை ஏற்கும். அதன் நிபந்தனைகளைப் புதுப்பிக்கும் முன்பே படித்துவிடுவது நன்று. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாயின், வெளிப் பட்டறையில் கழற்றும் முன் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளவும்.

கழற்றிய பழைய பாகத்தை ரசீதுடன் கேட்டு வாங்கிக்கொள்வது என் வழக்கம். பாய் அதை ஒரு கன்னடச் செய்தித்தாளில் சுற்றித் தந்தார். பள்ளங்களில் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. பேத்தி அதன் உருண்டைகளைக் கழற்றித் தரும்படி கேட்டாள். ஆறும் இப்போது அவளது கோலிக்குண்டு டப்பாவில் இருக்கின்றன.