பழைய இருமலும் பச்சைச் சளியும்

காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது யாராவது ஒருவர் இருமிக்கிட்டே இருப்பார். கேட்டால், "பழைய இருமல்தான், பத்து வருஷமா இருக்கு" என்பார். அந்தப் பழைய இருமலுக்குள் சில சமயம் ஒரு விஷம் வேலை செய்துகொண்டிருக்கும்.

நம் மூச்சுக்குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முடிகள் உண்டு. வாசல் பெருக்கும் விளக்குமாறு மாதிரி, தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். காசநோயோ, சிறு வயதில் கக்குவான் இருமலோ, கடுமையான நிமோனியாவோ வந்துபோன சிலருக்கு மூச்சுக்குழாய் விரிந்து தொய்ந்துவிடும். அங்கே சளி தேங்கும். தேங்கிய சளியில் 'சூடோமோனாஸ்' என்னும் கிருமி குடியேறும். மண், தண்ணீர், கழுவும் தொட்டி, ஈரமுள்ள இடமெல்லாம் இருப்பது இது. நல்ல நுரையீரலை இது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. கெட்டுப்போனது கிடைத்தால் விடாது.

காயக் கட்டுத்துணிகள் நீலப்பச்சையாக மாற இந்தக் கிருமியே காரணம் என்று 1882-ல் பிரெஞ்சு மருந்தாளர் கார்ல் ஜெசார் கண்டார். அந்த நிறம் வெறும் சாயமல்ல, 'பயோசயனின்' என்னும் விஷம். அது பட்டால் விளக்குமாறு மெல்ல ஓய்ந்துபோகும். சளி மேலும் தேங்கும், கிருமி மேலும் பெருகும். போதாததற்கு, கசப்பு மரவள்ளிக்கிழங்கிலிருந்து வருகிற அதே சயனைடையும் இது கக்குகிறது.

பச்சைச் சளி எல்லாமே இந்தக் கிருமிதான் என்று பயந்துவிடாதீர்கள். நம் வெள்ளணுக்களாலும் சளி பச்சையாகும். சோதித்தால்தான் தெரியும். சாதாரணமாகக் கொடுக்கிற அமோக்சிசிலின் மாத்திரை இந்தக் கிருமியை அசைக்காது. கடையில் வாங்கும், இருமலை அடக்கும் சிரப் இன்னும் மோசம்: விளக்குமாறு ஓய்ந்த வீட்டில் கதவையும் சாத்துகிற வேலை அது.

"போனா சம்பளம் போயிடுமே" என்கிறீர்களா? தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்து வருஷமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு டாக்டர் எம்.சி. கொடுத்தால் ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இரண்டு வருஷம் ஆகாதவருக்கும் 14 நாள்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்க் காசநோய்க்கும் மற்றக் கிருமிக்கும் சளிச் சோதனை கேளுங்கள். சளியில் ரத்தம் கண்டால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்புங்கள். சோதனைக்கு எச்சில் உதவாது. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கிளினிக் கொடுத்த டப்பாவில் மூடி, அன்று காலையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.