பல்லில் ஒரு லத்தீன் சொல்

பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். ஃபுளூரின் பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பேசத் தோன்றும். எங்கள் பிள்ளைகள் பலருடைய முன்பற்களில் பழுப்புக் கோடாகத் தெரிவது அதன் வேலைதான். "ஒழுங்கா பல்லு வெளக்க மாட்டேங்கறான் சார்" என்று தாய்மாரே குறைப்பட்டுக்கொள்வார்கள். எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமலில் ஏறிவிட்ட குறை அது.

அதன் பெயர் ஃபுளூரோசிஸ். முன்பாதி லத்தீன், பின்பாதி கிரேக்கம். லத்தீனில் 'ஃபுளூவெரே' என்றால் ஓடுதல். பொஹீமியாவின் சுரங்க ஊர் ஒன்றில் மருத்துவராக இருந்த அக்ரிகோலா, உலையில் தாதுவோடு போட்டால் அதை எளிதில் உருகி ஓடவைக்கும் கற்களை, 1530இல் வெளிவந்த நூலில் 'ஃபுளூவோரெஸ்' என்றார். அந்தக் கல்லுக்குள் புதிய தனிமம் இருக்கிறது என்று கணித்தவர் ஆம்பியர். மின்னோட்ட அலகுக்குப் பெயரான அதே ஆம்பியர். 1812இல் வேதியியலர் ஹம்ஃப்ரி டேவிக்கு எழுதிய கடிதத்தில் ஃபுளூரின் என்ற பெயரைச் சொன்னார். பிறகு அவரே மனம் மாறி, அழிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வேறு பெயர் வைக்கப் பார்த்தார். ரஷ்ய மொழியில் இன்றும் 'ஃப்தோர்' என்றே சொல்கிறார்கள். எங்கள் ஊருக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம் என்பேன். அந்தத் தனிமத்தைத் தனியே பிரிக்க முயன்று சிலர் உயிரையே விட்டார்கள். 1886இல்தான் முவாசான் என்ற வேதியியலருக்குக் கைகூடியது. 'ஓசிஸ்' என்பது நோய்நிலையைச் சொல்லும் கிரேக்க விகுதி.

எங்கள் மண்ணுக்கடியில் கருங்கல் பாறை. தண்ணீர் அதோடு கிடக்கக் கிடக்க, ஃபுளூரின், ஃபுளோரைடு என்ற வடிவில் அதிகம் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. குடித்துக்கொண்டே இருந்தால் பல்லோடு நிற்காமல் எலும்பில் சேர்ந்து முதுகையும் மூட்டையும் விறைக்க வைக்கும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோய் இருப்பதை 1937லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். ஜப்பானியக் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இங்கே தொடங்கியது 2013இல். அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் இருக்கிறது.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஃபுளோரைடு காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். போர் தண்ணியைத் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சோறாக்கவும் ஒகேனக்கல் தண்ணியைப் பிடித்து வையுங்கள், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டாயமாக.