கொரியாவுக்குக் கற்பிக்கச் செல்லுமுன்



2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதுமுதல் தங்கவயலின் பிள்ளைகள் அநேகர் இருட்டோடே எழுந்து பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பட்டதாரி ஒருவர் தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க விரும்பினால், முதலாவது விசாவை அறிந்துகொள்ளுங்கள்.

ஆங்கில ஆசிரியருக்கான ஈ-2 விசா, பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன் முதலான ஏழு நாட்டவருக்கே உரியது. ஆனால் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள இந்திய-கொரிய ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் தகுதியும் பெற்ற இந்தியர் அங்குள்ள பள்ளிகளில் துணை ஆசிரியராகலாம். 'ஹாக்வோன்' எனும் தனியார் டியூஷன் நிலையங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆகையால், சுற்றுலா விசாவில் சென்று ஹாக்வோனில் சேரலாம் என்னும் ஏஜெண்டை நம்பித் தாயின் நகையை அடகு வைக்காதிருங்கள்.

பள்ளியில் கொரிய ஆசிரியர் உடனிருக்க வகுப்பு நடைபெறும். வாசலில் காலணியைக் கழற்றி, உள்ளே அணியும் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். (நம் சபையார் இதற்குத் திகைக்கமாட்டார்கள்!) எதையும் பெரியோரிடம் இரு கரங்களாலும் கொடுப்பது மரியாதை. மதியம் பள்ளியிலேயே சோறும் சூப்பும் கிம்ச்சியும் கிடைக்கும். பகல் இவ்விதம் கழிந்துவிடும். பாஷை தெரியாத ஊரில், பனிக்கால மாலையில், தனியறையில் இருப்பதே கடினம்.

அதனால் ஐக்கியத்தை முன்னதாகவே தேடிவையுங்கள். பாஸ்டர் யோங்கி சோ 1958-ல் தொடங்கிய சபை சியோலின் யொய்தோவில் இருக்கிறது. சிற்றூர்ச் சபைகளிலும் விடியுமுன் அனுதின ஜெபம் உண்டு. பெங்களூர் ரயிலுக்கு எழுந்து பழகினவர்களுக்கு அந்த நேரம் பாரமாயிராது.