விதைக்காத அறுவடை: திரேஸ்புரத்தில் சங்கு சீசன் எப்படி நடக்கிறது?

ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை இமாச்சலப் பிரதேசத்தின் நார்கண்டா, கோட்கர் மலைப்பகுதிகளில் ஆப்பிள் பறிப்பு நடக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே சுற்றுலாப் பயணிகள் மலையேறுகிறார்கள். அந்த சீசன் முடிகிற நேரத்தில், தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இன்னொரு அறுவடை தொடங்குகிறது. கடலுக்கு அடியில் நடப்பதால் கரையில் நிற்பவர் கண்ணுக்கு இது தெரியாது. இங்கே எடுப்பது சங்கு. எடுக்கப் போகிறவர் நம்பிப் போவது ஒரு ரப்பர் குழாயை.

சங்கு எப்படி எடுக்கப்படுகிறது, எங்கே போகிறது, அதில் உயிருக்கு என்ன ஆபத்து? விரிவாகப் பார்ப்போம்.

எப்போது சீசன்?

தூத்துக்குடி நகரின் வடக்கில், பக்கிள் ஓடை கடலில் சேரும் இடத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்புதான் திரேஸ்புரம். நாட்டுப்படகுகளின் துறை இது. மீன்பிடிப்போடு சங்கு குளித்தலும் இங்கே பரம்பரைத் தொழில்.

சீசனை முடிவு செய்வது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். மீனவர் பேச்சில் இது ‘கச்சான்’. கச்சான் அடித்தால் கடல் கலங்கிவிடும். அடியில் கை நீட்டினால் கைகூடத் தெரியாது. காற்று அடங்கி, தண்ணீர் தெளிந்த பிறகு, அக்டோபர், நவம்பர் வாக்கில் குளிப்பு தொடங்கி மே வரை நீள்கிறது. இடையில் புயல் சின்னம் உருவானால் படகு கரையில்தான்.

இதே ஊரின் இன்னொரு அறுவடையான உப்புக்கு நேர் எதிர் கணக்கு. வெயில் ஏறும் மாதங்களில் உப்பளங்களில் உப்பு வாருவார்கள். வடகிழக்குப் பருவமழை வந்ததும் அளத்து வேலை நின்றுவிடும். உப்பு ஓயும்போது சங்கு தொடங்குகிறது.

சங்கு எங்கே கிடைக்கிறது?

மன்னார் வளைகுடாவின் மணல் தரையில். சங்குப்பூச்சி மணலுக்குள் வாழும் புழுக்களைத் தின்று வளரும் உயிர். பாதி உடம்பு மணலில் புதைந்திருக்கும். ஓட்டின் மேல் தோல் போன்ற பழுப்பு உறை மூடியிருக்கும். நாம் பூஜை அறையில் பார்க்கும் பளீர் வெள்ளை, கழுவிச் சுரண்டிய பிறகு வருவது. பழகிய கண்ணுக்குத்தான் மணலில் அது நகர்ந்த தடம் தெரியும். அந்தத் தடத்தைப் பிடித்துப் போய் எடுப்பார்கள்.

சரி, முத்து என்ன ஆச்சு?

‘முத்துநகர்’ என்ற பெயர் நிற்கிறது. முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1955-ல் தொடங்கிய தொடர் முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. அதன் பிறகு பார்களில் சிப்பி போதுமான அளவு பெருகவில்லை. 1973-ல் தூத்துக்குடியில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் பழைய முத்துக்குளிப்பு திரும்பவில்லை. குளிக்கத் தெரிந்தவர்களுக்கு மிஞ்சியது சங்குதான்.

சங்கும் இங்கே நேற்று வந்த தொழில் கிடையாது. பக்கத்தில் உள்ள கொற்கையில் தமிழகத் தொல்லியல் துறை 1968-69-ல் நடத்திய அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. ஆங்கிலேயர் காலத்திலும், சுதந்திரத்துக்குப் பிறகு நெடுங்காலமும் சங்கு அரசின் ஏகபோகமாக இருந்தது. மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1914-ல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

எடுத்த சங்கு எங்கே போகிறது?

பெரும்பகுதி மேற்கு வங்கத்துக்கு. அங்கே திருமணமான இந்துப் பெண்கள் அணியும் வெள்ளை வளையல் சங்கை அறுத்துச் செய்வது. நமக்குத் தாலி எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. திரேஸ்புரத்துக்காரர் மூச்சுப்பிடித்து எடுப்பது ஒரு வங்காளப் பெண்ணின் கையில் போய்ச் சேர்கிறது. பங்குரா மாவட்டம் விஷ்ணுபூர் இந்தக் கைவினைக்குப் பெயர்போன ஊர்.

விலையை முடிவு செய்வது விட்டம். பெரிய சங்கென்றால் அதிக வளையல் அறுக்கலாம். புழு துளைத்திருந்தால் விலை இறங்கும். சதை உணவாகும், வாயை மூடும் ‘நகம்’ வாசனைப் பொருள் தயாரிப்புக்குப் போகும்.

வலம்புரி கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் அது மிக மிக அரிது. சந்தையில் வலம்புரி என்று விற்பவற்றில் பல, மெக்சிகோ வளைகுடாப் பக்கம் கிடைக்கும் வேறொரு இனம். அந்த இனத்துக்கு இயல்பிலேயே எதிர்ப்பக்கச் சுழி. வாங்குவோர் உஷார்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

முன்பு மூச்சை அடக்கித்தான் குளித்தார்கள். அதற்கு இயற்கையே ஒரு எல்லை வைத்திருந்தது. ஓரிரு நிமிடத்தில் மேலே வந்தாக வேண்டும். பிறகு கம்ப்ரசர் வந்தது. பஞ்சர் கடையில் இருக்கிற அதே வகைக் காற்றுப் பம்புதான். படகில் அது ஓடும். குழாயின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு ஆள் அடியில் நெடுநேரம் சங்கு பொறுக்குவார்.

சிக்கல் இங்கேதான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு மடங்கு அழுத்தம் கூடும். 20 மீட்டர் ஆழத்தில் கரையில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக ஏறினால் அது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். சட்டென்று ஏறினால்? கோலி சோடாவைத் திறந்த மாதிரிதான். உடம்புக்குள்ளேயே குமிழி கிளம்பும். மூட்டில் நின்றால் வலி. தண்டுவடத்தில் நின்றால் கால் விளங்காமல் போகலாம். உயிரே போகவும் கூடும்.

இரண்டாவது ஆபத்து புகை. கம்ப்ரசரை ஓட்டும் இன்ஜின் புகை காற்று இழுக்கும் வாய்க்குள் போனால், கார்பன் மோனாக்சைடு குழாய் வழியே இறங்கும். அதற்கு வாசனை கிடையாது. அடியில் இருப்பவர் மயங்கினால் வாயிலிருந்து குழாய் நழுவிவிடும். மூன்றாவது, குழாய் மடங்குவது, அறுவது, இன்ஜின் நிற்பது.

வலி வந்தால் திரும்பக் கடலில் இறங்கினால் சரியாகும் என்ற நம்பிக்கை, உலகெங்கும் கம்ப்ரசரில் குளிப்பவர்களிடம் உண்டு. அது ஆபத்து. உடனே தர வேண்டியது ஆக்சிஜன். அடுத்தது அழுத்த அறை சிகிச்சை. ‘கை கால் மரத்துப்போச்சு, தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் பாதிப்பைக் கூட்டும்.

சங்கு தீர்ந்துபோகுமா?

ஆப்பிள் மரத்தை நட்டவர் இருக்கிறார். கோட்கரில் சாமுவேல் ஸ்டோக்ஸ் அமெரிக்க ஆப்பிள் கன்றுகளை நட்ட ஆண்டு 1916 என்றுகூடச் சொல்ல முடிகிறது. சங்கை யாரும் நடுவதில்லை. எடுக்காமல் விடுவது மட்டும்தான் இங்கே விவசாயம். ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய முட்டைக்கூட்டை மணலில் ஊன்றி வைத்து, அதிலிருந்து குஞ்சுகள் ஊர்ந்து வெளிவருகின்றன. தாய்ச் சங்கு வளரும் முன்பே போய்விட்டால் அடுத்த தலைமுறை கிடையாது.

அரசு நடத்திய காலத்தில் 57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சங்கை உயிரோடு கடலில் திரும்ப விட வேண்டும் என்பது விதி. மூச்சடக்கிக் குளித்தவருக்கு ஆழக்கடல் எட்டாததால், அங்கே இருந்த சங்குகள் தப்பின. கம்ப்ரசர் அந்த மறைவிடத்தையும் திறந்துவிட்டது. பக்கத்தில் கிடைக்காதபோது இன்னும் ஆழம் போக வேண்டும். ஆழம் கூடக் கூட உடம்புக்கு ஆபத்து. கடலின் நலமும் குளிப்பவரின் நலமும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன.

என்ன செய்யலாம்?

சிறு சங்கைத் திரும்ப விடுவது, வாங்குபவரும் அதை மறுப்பது முதல் படி. ஆழம், நேரம் பார்க்கக் கைக்கடிகார வடிவக் கருவி, மெதுவாக ஏறும் பழக்கம், புகை படாத இடத்தில் காற்று இழுக்கும் வாய், படகில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். இவை பெரிய தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. முறையான பயிற்சியும் கடனுதவியும் இருந்தால் நடக்கும்.

பார்க்கப் போகலாமா?

தாராளமாக. டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதி. படகுகள் திரும்பும் நேரத்தில் துறைக்குப் போனால் சங்கு தரம் பிரிப்பதைப் பார்க்கலாம். படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எதிரே உள்ள வான் தீவு உள்ளிட்ட 21 தீவுகள் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை, அனுமதியில்லாமல் போகக்கூடாது. சங்கு வாங்குவதென்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிச் சங்கை மட்டும் வாங்காதீர்கள். அது கடலில் இன்னும் சில சீசன் இருந்திருக்க வேண்டியது.