சாந்தோம் வணிகமும் சான்றுகளும்

வணிகர் ஒருவர் யாது செய்தார் என்பதை அறிதல் எளிது. ஏன் செய்தார் என்பதை அறிதல் அரிது. இவ்வருமையைச் சாந்தோம் வரலாறு நமக்கு நன்கு காட்டும்.

போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் குடியமர்ந்த இத்துறைமுக நகரைக் கோல்கொண்டா அரசு 1662இல் கைப்பற்றியது. பின்னர் இதனைக் குத்தகைக்குக் கொண்டவருள் ஒருவர், சென்னை ஆங்கிலக் கும்பினியின் தலைமை வணிகராய் விளங்கி 1680இல் மறைந்த காசி வீரண்ணர். கும்பினிக்குத் துணி சேர்த்தளித்தவரே அதன் அண்டைத் துறையையும் ஏன் தம் கையில் கொண்டார்? இரு துறையும் தம்மிடம் இருப்பின் பேரம் பேசும் வலிமை மிகும் என ஊகிக்கலாம். ஆயின் ஊகம் சான்றாகாது.

ஈண்டு ஆய்வாளர்க்கு மூன்று இடர்கள் எதிர்ப்படுகின்றன. முதலாவது பெயர்: ஆங்கில ஏடுகள் அவரைக் ‘காசா வெரோனா’ என்று குறிக்கும், மூலப் பெயரை உணராதார் அவரை இத்தாலியர் என்றே மயங்கக்கூடும். இரண்டாவது சான்றளிப்போர் நிலை: அவ்வேடுகளை எழுதியோர் அவரோடு விலை பேசியோரே, அவர்தம் புகழ்ச்சியையும் பழிப்பையும் அவ்வுறவை நினைந்தே எடைபோடல் வேண்டும். மூன்றாவது கணக்கு: ஓலைக் கணக்குகள் கறையானுக்கு இரையாகும், வாய்மொழியாய் முடிந்த பேரங்களோ எழுத்தில் ஏறுவதே இல்லை.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு (1736–1761) வணிகர் ஒருவரின் கருத்தை அவர்தம் தமிழிலேயே தருவது. அத்தகு சான்று கிடையாவிடத்துப் பிறர் கூற்றினின்று செயலை மட்டும் கொண்டு, நோக்கத்தைக் கருதுகோளாகவே நிறுத்துதல் வேண்டும் என்பது எம் துணிபு. இன்றைய சிறு வணிகரை ஆராயப் புகுவார்க்கும் இந்நெறியே பொருந்தும்.