எஸ்பெராண்டோவின் ‘பெடேலோ’: வெற்றிலை என்னும் சொல்லின் வழித்தடம்

முன்னுரை
தூத்துக்குடி மாவட்டம் சாயர்புரம் வட்டாரத்திற்கு அண்மையில், தாமிரபரணிப் பாசனத்தில் அமைந்த ஆத்தூர்க் கொடிக்கால்களின் வெற்றிலை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அவ்விலையைக் குறிக்கும் சொல், சாமன்ஹாஃப் 1887ஆம் ஆண்டில் வார்சாவில் அறிமுகப்படுத்திய எஸ்பெராண்டோ என்னும் ஆக்கமொழியில் ‘பெடேலோ’ என வழங்குகிறது. இதனைத் தமிழ்க் கடன்சொல் எனக் கூறுதல் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லமைப்பு
‘வெறு’ என்னும் அடியிலிருந்து தோன்றிய ‘வெற்று’ என்பதும் ‘இலை’ என்பதும் புணர்ந்து வெற்றிலை ஆயின. நிலைமொழி ஈற்றுக் குற்றியலுகரம் கெட, எஞ்சிய மெய்மேல் வருமொழி உயிர் ஏறியது. ‘வெற்றிடம்’ என்பதும் இவ்வாறே அமைந்தது. பூவோ காயோ கருதப்படாமல் இலைக்காகவே பயிரிடப்படும் கொடி ஆதலின் ‘வெறும் இலை’ எனப் பெயர் பெற்றது என்பர். மலையாளத்தின் ‘வெற்றில’ இதன் இனச்சொல்லாகும்.

வழித்தடம்
போர்ச்சுகீசியர் 1498ஆம் ஆண்டில் கோழிக்கோட்டை அடைந்தனர். மலையாள வடிவமே அவர்கள் மொழியில் ‘பெடெல்’ என நுழைந்தது என்பதை 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி காட்டுகிறது. வகரம் ஒலிப்புடைய பகரமாயிற்று. ‘இலை’ என்பதன் ஈறு தேய்ந்தது. 1530களில் முத்துக்குளித்துறையில் அவர்கள் தமிழ் வடிவத்தையும் கேட்டிருத்தல் கூடும். ஆயினும் அதற்கு முன்பே மேலைக்கடற்கரைத் தொடர்பு தொடங்கிவிட்டது. போர்ச்சுகீசியத்திலிருந்து பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகியவற்றிற்குச் சொல் பரவியது. லின்னேயஸ் 1753இல் இக்கொடிக்கு இட்ட தாவரவியல் பெயரிலும் இது இடம்பெற்றது. ஐரோப்பிய மொழிகளுக்குப் பொதுவான இவ்வேருடன் ‘ஓ’ என்னும் பெயர்ச்சொல் ஈற்றைச் சேர்த்ததே எஸ்பெராண்டோ வடிவம்.

பொருளிழப்பு
தமிழில் இரு கூறுகளாகப் பிரியும் இச்சொல் எஸ்பெராண்டோவில் பகாச்சொல்லாகிவிட்டது. அம்மொழியில் இலைக்குப் பெயர் ‘ஃபோலியோ’. கொடியினின்று இலையைப் பிரித்துச் சுட்ட, அதன் தொகை விதிப்படி ‘பெடெல்ஃபோலியோ’ என ஆக்கலாம். சொற்பிறப்பு நோக்கில் அது ‘வெற்றிலை இலை’ எனப் பொருள்படும். உள்ளிருக்கும் ‘இலை’ மறைந்தமையால் மீண்டும் ஓர் இலை தேவைப்படுகிறது.

முடிவுரை
எனவே ‘பெடேலோ’ நேரடித் தமிழ்க் கடன் அன்று. திராவிட வேரிலிருந்து மலையாளம், போர்ச்சுகீசியம், பிற ஐரோப்பிய மொழிகள் எனப் படிப்படியாகச் சென்ற சொல். ஒலியொப்புமை உறவைக் காட்டலாம்; கடன் பெற்ற வழியை நிறுவாது. இடைப்பட்ட மொழிகளை விட்டுவிட்டுத் தமிழுக்கு உரிமை கோருதல் ஆய்வு நெறிக்குப் பொருந்தாது.