தொண்டர் கடற்படையும் கொழும்புத் துறைமுகமும்

கொலன்னாவை வழியாகச் செல்வோர் அங்கே ஓங்கி நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளைக் காணாதிருத்தல் இயலாது. அத்தாங்கிகளை நிறைக்கும் எண்ணெய் நம் நாட்டு மண்ணில் ஊறுவதன்று. கப்பலேறி வந்து, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து குழாய் வழியாகச் சேர்வது. மின்னொளி எட்டாத சிற்றூர்களிலே குப்பி விளக்கு எரிந்ததும், பட்டணத்திலே பேருந்து ஓடியதும் கடல்வழியாக வந்த எண்ணெயினாலேயே. ஆதலின், துறைமுகத்தின் வாயிலை எவர் காத்தனர் என்னும் வினா, போர்வீரர்க்கு மட்டுமே உரிய வினாவன்று. வீட்டில் விளக்கேற்றிய ஒவ்வொருவர்க்கும் உரியதாகும்.

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கைக்கெனத் தனிக் கடற்படை நெடுங்காலம் இருந்ததில்லை. ஐரோப்பாவிலே போர்மேகம் திரண்ட காலத்தில், 1937ஆம் ஆண்டின் கடற்படைத் தொண்டர் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1938ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் இலங்கைக் கடற்படைத் தொண்டர் சேனை தோன்றிற்று. கொமாண்டர் பியூசாம் என்பவர் அதன் முதற் கட்டளை அதிகாரியாவார்.

தொண்டர் படை என்பது யாது? நிலையான படையினர்க்குப் போரே தொழில். தொண்டரோ வேறு தொழில் செய்து வாழ்பவர்; ஓய்ந்த வேளைகளிற் பயிற்சி பெற்று, நாடு அழைக்கும்போது கடமைக்குச் செல்பவர். பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டிலேயே இத்தகைய கடற்படைத் தொண்டர் ஒதுக்கம் அமைக்கப்பட்டது. அதன் அதிகாரிகளின் சட்டைக் கையிலே நெளிந்த பொற்கோடுகள் விளங்கின. நிலையான படையினர்க்கு அக்கோடுகள் நேரானவை. கோடு நெளிந்திருந்ததேயன்றிக் கடமை நெளியவில்லை. இரண்டாம் உலகப் போரிலே சிறிய போர்க்கப்பல்கள் பலவற்றைச் செலுத்தியோர் இந்த நெளிகோட்டினரே.

இத்தகைய பயிற்சிப் பிரிவின் பணி மூவகைத்து. முதலாவது, கடற்கலையைக் கற்பித்தல். கயிறு முடிதல், படகு வலித்தல், கொடியாலும் விளக்காலும் சைகை செய்தல், திசையறி கருவியைக் கொண்டு வழி காணுதல், பீரங்கியை இயக்குதல் ஆகியவை நூலை மட்டும் படித்து வருவன அல்ல. கையும் கண்ணும் பழக வேண்டும். இரண்டாவது, அமைதிக் காலத்திலே பெருஞ்செலவின்றி ஆட்களை ஆயத்தமாக வைத்திருத்தல். கப்பலைப் பொருள் கொடுத்து வாங்கலாம். மாலுமியை அவ்வாறு ஒரே நாளில் வாங்க முடியாது. மூன்றாவது, படைக்கும் பொதுமக்களுக்கும் இடையே பாலமாக நிற்றல். இம்மூன்றனுள் இறுதியானதே பெரும்பாலும் மறக்கப்படுவது.

அப்பயிற்சியின் பயன் விரைவிலே சோதனைக்குள்ளாயிற்று. 1939ஆம் ஆண்டு ஆகத்து 31ஆம் நாள், அஃதாவது பிரித்தானியா போர் அறிவிப்பதற்கு மூன்று நாள் முன்னர், தொண்டர் சேனை முழுக்கடமைக்கு அழைக்கப்பட்டது. அந்நாளில் அவர்களுக்கு வாய்த்தவை போர்க்கப்பல்கள் அல்ல. துறைமுக ஆணைக்குழுவின் 'சாம்சன்', 'கோலியாத்' என்னும் இழுவைப் படகுகளே. பிற்பாடு மீன்பிடிக் கப்பல்களும் திமிங்கில வேட்டைக் கப்பல்களும் கண்ணிவாரிகளாக மாற்றப்பட்டு வந்து சேர்ந்தன. இலங்கை அரசாங்கம் முதன்முதலாக வாங்கிய கப்பல் 'ஓவர்டேல் வைக்' என்பதாகும்.

கண்ணி வாருதல் புகழ் குறைந்ததும் ஆபத்து மிகுந்ததுமான தொழில். கடலடியில் நங்கூரமிடப்பட்ட கண்ணிவெடி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குப் புலப்படாது மிதக்கும். கண்ணிவாரிக் கப்பல் நீண்ட உருக்குக் கம்பியைப் பக்கவாட்டில் விரித்து இழுத்துச் செல்லும். அக்கம்பியிற் பொருத்திய வெட்டுகருவி, கண்ணியின் நங்கூரக் கம்பியை அறுக்கும். மேலே மிதந்து வரும் கண்ணியைச் சுட்டு அழிப்பர். இன்று துப்புரவாக்கிய வழியில் இன்றிரவே பகைவர் மீண்டும் கண்ணி இடலாம். ஆகவே நாளையும் வாருதல் வேண்டும். எதுவும் நிகழாமற் போவதே இவ்வேலையின் வெற்றியாகும்.

1942ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் சாவகத் தீவுக்குத் தெற்கே சப்பானியர் 'அங்கிங்' என்னும் கப்பலை மூழ்கடித்தபோது, அதிற் கடமையாற்றிய இலங்கைத் தொண்டர் சேனையின் இளம் அதிகாரி ஒருவர் உயிர் நீத்தார். அடுத்த மாதம் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, போர் கொழும்புக்கே வந்தது. துறைமுகத்தினுள் 'எக்டர்', 'தெனிடோஸ்' ஆகிய கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனைமீதும் குண்டு வீழ்ந்தது. கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளெனப் பிறழக் கருதியே அங்கு வீசினர் என்று கூறுவாரும் உளர். வீழ்த்தப்பட்ட சப்பானிய விமானங்களிலிருந்து பயனுள்ள செய்திகளைத் திரட்டியதும் தொண்டர்களின் கப்பல்கள் ஆற்றிய பணிகளுள் ஒன்றாகும்.

1943இல் இச்சேனை பிரித்தானியக் கடற்படையுடன் இணைக்கப்பட்டு, இலங்கை அரச கடற்படைத் தொண்டர் ஒதுக்கம் எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் இத்தாலி பணிந்தபோது, 'எரித்திரியா' என்னும் இத்தாலியக் கப்பலைப் பொறுப்பேற்றுத் துறைமுகம் சேர்த்தவர் இத்தொண்டரே. பர்மாவின் அக்கியாப் துறைமுகம் வரையிலும் அவர்கள் சென்று கடமையாற்றினர்.

1950ஆம் ஆண்டு திசெம்பர் 9ஆம் நாள் இலங்கை அரச கடற்படை நிறுவப்பட்டது. அதன் கருவாக அமைந்தோர், தொண்டர் ஒதுக்கத்திலிருந்து வந்த ஏறத்தாழ நூறு பேர். 1949இல் பிரித்தானியாவிடமிருந்து பெற்ற 'விஜய' அதன் முதற் கப்பல். அதுவும் ஒரு கண்ணிவாரியே. பழைய தொண்டர் மரபு அழியாது, நிலையான கடற்படையின் துணையாக வேறொரு தொண்டர் படை அமைந்து தொடர்ந்தது. போர்க்காலத் தொண்டராய்ப் பணி தொடங்கிய இராசநாதன் கதிர்காமர் என்னும் தமிழர் 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதியாக விளங்கினார். ஓய்வுநேரப் பயிற்சிப் பிரிவு ஒன்று நாட்டுக்கு எத்தகைய தலைவரை அளிக்க வல்லது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். கொழும்பிலே தொண்டர் சேனை தோன்றிய அதே 1938ஆம் ஆண்டிலேதான், வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளால் செலுத்தப்பட்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கடலறிவு இந்நாட்டில் ஓரினத்தாரின் உடைமையாக என்றும் இருந்ததில்லை. ஆயினும் 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்துக்குப் பின்னர், அரச சேவையிற் போலவே ஆயுதப் படைகளிலும் தமிழரின் தொகை அருகிற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே, தமிழ் இளைஞர் பலர் கடலைக் கற்றது கடற்படைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று. 1995 ஒக்டோபரில் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் பற்றி எரிந்தன. 1942இல் அயலார் வந்து செய்யாது விட்ட அழிவை, அன்று நாட்டின் உட்பகையே செய்தது.

பாலம் என்று மேலே கூறிய மூன்றாம் பணியின் பெறுமதி இப்போது விளங்கும். பல வீடுகளிலிருந்தும், பல மொழிகளிலிருந்தும் வந்தோர் ஒரே கயிற்றைப் பற்றி இழுத்துப் பழகும் இடமே தொண்டர் பிரிவு. அங்குச் சேர்வோர் ஒரு சாராராகக் குறுகுவாராயின், கப்பலோட்டும் கலை எஞ்சலாம்; பாலம் எஞ்சாது. தொண்டர் கடற்படை இன்றும் உள்ளது. அதன் வாயில் எல்லார்க்கும் மெய்யாகவே திறந்திருக்கச் செய்தல் ஆள்வோர் கடன். அதன் தொடக்கக் கதையில் நமக்கும் பங்குண்டு என்பதை அறிந்திருத்தல் நம் மாணவர் கடன்.